சிறு சக்கர மிதிவண்டிகளும் அவற்றைத் திருத்தி ஓட்டுவோரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், இலண்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் சங்கப் பாடல்களைப் பற்றியும் புதுக்கவிதையைப் பற்றியும் பேசிக் கலைந்திருக்கிறோம். நிறைவு விழாவில் மிதிவண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "கவிதையில் வரும் மிதிவண்டியா?" என்று செயலாளர் கேட்டார். "இல்லை, வீதியில் வரும் மிதிவண்டி" என்றேன். அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆனால், பழைய பொருள் ஒன்றைக் கையில் எடுத்தவன் அதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்னும் கேள்வி, யாப்போடு பழகிய உங்களுக்குப் புதிதாக இராது என்ற துணிவில்தான் இங்கு நிற்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் மிதிவண்டி என்று எழுதுகிறோம். ஈழத்தில் துவிச்சக்கரவண்டி என்று எழுதுகிறார்கள். இரு சாராரும் வாயைத் திறந்தால் சைக்கிள் என்றுதான் சொல்கிறோம். சக்கரத்தின் நடுப்பகுதியைச் சைக்கிள் கடையில் ஹப் என்பார்கள்; மாட்டுவண்டித் தச்சர் குடம் என்பார். இன்று நான் குடம் என்றே சொல்லப் போகிறேன், அந்தச் சொல் கைவிடப்படுவது எனக்கு உடன்பாடில்லாத காரணத்தால். மற்றவற்றைக் கடைக்காரர் சொல்லும்படியே சொல்கிறேன்.

சிறு சக்கர வண்டி இந்நாட்டில் ஒரு கொள்கையோடு பிறந்தது. 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர் பதினாறு அங்குலச் சக்கரங்கள் பூட்டிய மிதிவண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். 1920இல் பிறந்து 2012இல் மறைந்த அவர், ரப்பர்த் தொழிலில் தலைமுறைகளாக ஊறிய குடும்பத்தவர். 1959இல் வெளிவந்த மினி காருக்கு ரப்பர்த் தாங்கி அமைத்துக் கொடுத்தவரும் அவரே. 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மிதிவண்டியின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. சக்கரம் சிறிதானால் வலிமை கூடும், எடை குறையும், நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் பிடிக்கும், சுமை வைக்க இடமும் கிடைக்கும். ஆனால் வீதியின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து தட்டும். அதற்கு அவர் கண்ட விடை இரண்டு பகுதிகளை உடையது: டயரில் மிகுந்த காற்றழுத்தம், முன்னும் பின்னும் ரப்பர்த் தாங்கி. ஒன்றை விட்டு மற்றொன்று பயன்படாது. அதே ஆண்டு டிசம்பரில் ஜான் உட்பர்ன் என்னும் பந்தய வீரர் அவ்வண்டியில் கார்டிஃபிலிருந்து இலண்டன் வரை ஓட்டிச் சாதனையை முறியடித்தபோது, சிறு சக்கரம் சிறுவர்க்கே என்று நகைத்தவர்கள் வாயடைத்தார்கள்.

மோல்டன் தம் வடிவமைப்பை முதலில் ராலி நிறுவனத்திடம்தான் கொண்டு சென்றார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பின்னர் அவ்வண்டி விற்பதைக் கண்டு, 1965இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்னும் தம்முடைய சிறு சக்கர வண்டியை வெளியிட்டார்கள். தாங்கி வைக்கும் செலவை மிச்சப்படுத்த, பருத்த மென்மையான டயர்களைப் பூட்டினார்கள். அதிர்வு குறைந்தது உண்மை. வேகமும் உடன் குறைந்தது. போலச் செய்பவன் ஓசையை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவது உங்கள் துறையில் மட்டும் நடப்பதன்று. 1967இல் மோல்டன் நிறுவனத்தையே ராலி விலைக்கு வாங்கியது. 1974இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது. 1983இல் மோல்டன் மெல்லிய குழாய்களால் பின்னிய புதிய சட்டகத்தோடு தம் பெயரில் மீண்டும் தொடங்கியது தனிக் கதை.

இன்று நான் பேச வந்த வண்டி இவ்விரண்டுக்கும் பின் பிறந்தது. 1960களின் இறுதியில் ராலி வெளியிட்ட 'டுவென்ட்டி'. பெயரே சக்கரத்தின் அளவு: இருபது அங்குலம். மோல்டனின் அறிவுக்கூர்மை அதில் இல்லை, தாங்கி இல்லை. ஒரே தடித்த குழாய், நடுவில் ஒரு கீல், பின்னால் ஒரு கேரியர், மூன்று கியர் கொண்ட ஸ்டர்மி ஆர்ச்சர் குடம். எல்லா டுவென்ட்டியும் மடங்காது. மடங்குபவையும் இன்றைய பிராம்ப்டனைப் போலக் கைப்பெட்டியளவு சுருங்குவதில்லை, காரின் பின்பகுதியில் அடங்கினால் போதும் என்ற அளவில் நிறைவடைபவை. கனமானது, மெதுவானது, நாணயமானது. 1970களின் நடுவில் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேல் விற்றது. பி.எஸ்.ஏ., டிரையம்ப் என்ற பெயர்களிலும் அதே வண்டி கடைகளுக்குப் போனது. அந்நாளில் ராலியின் உரிமையாளர் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே நிறுவனத்தின் கூட்டுறவில்தான் சென்னை அம்பத்தூர்த் தொழிற்சாலை தொடங்கி, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் நம் ஊர்த் தெருக்களுக்கு வந்தன. ஆகவே நாட்டிங்ஹாமில் பிறந்த இந்த வண்டியும், நம்மில் பலர் பள்ளிக்குப் போன வண்டியும் ஒருவகையில் பங்காளிகள்.

நாட்டிங்ஹாம் என்றதும் இலக்கிய வட்டத்தில் ஆலன் சிலிட்டோவைச் சொல்லாமல் போக முடியாது. பதினான்கு வயதில் ராலி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1958இல் வெளிவந்த 'சனி இரவும் ஞாயிறு காலையும்' நாவலின் நாயகன் மிதிவண்டித் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவன். அந்தத் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது; அதன் நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன. நாவல் இருக்கிறது. வண்டிகளும் இருக்கின்றன, கொட்டகைகளிலும் பழைய பொருள் சந்தைகளிலும்.

அங்கிருந்து அவற்றை மீட்டெடுத்துத் திருத்தி ஓட்டும் ஒரு கூட்டம் இந்நாட்டிலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் உண்டு. அவர்களுள் மதிக்கத்தக்க பெயர், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மிதிவண்டிக் கடையில் பணிபுரிந்த ஷெல்டன் பிரவுன். 1944இல் பிறந்து 2008இல் மறைந்த அவர், பிறர் குப்பையென ஒதுக்கிய டுவென்ட்டியின் சட்டகம் உறுதியானது, நல்ல பாகங்களைப் பூட்டினால் நல்ல வண்டியாகும் என்று விரிவாக எழுதிக் காட்டியவர். அவர் உரைநடையில் ஓர் ஆசிரியரின் பொறுமையும் ஒரு குறும்பும் சேர்ந்திருக்கும். உரையாசிரியர் மரபில் வைத்து அவரை எண்ணுவது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

இனி, என்னதான் திருத்துகிறார்கள்? முதலில் பிரேக். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை என்பது என் துணிபு. டுவென்ட்டியின் ரிம் குரோம் பூசிய எஃகு. உலர்ந்த நாளில் பிடிக்கும். மழையில் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். இந்நாட்டில் மழையில்லாத நாளைத் தேர்ந்து பயணம் போக முடியுமா? அலுமினிய ரிம் ஈரத்திலும் பிடிக்கிறது. ஆகவே பழைய குடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் புதிய கம்பிகளால் புதிய ரிம்மைக் கட்டுகிறார்கள். துளைகளின் எண்ணிக்கை பொருந்த வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கம்பி கட்டிக் கோட்டம் எடுக்கும் கலையை அறிந்தவர் அருகிவிட்டதால் பலர் தாமே கற்கிறார்கள். முதற்சக்கரம் கட்டி முடிக்க ஒரு மழைக்கால வார இறுதி முழுதும் போய்விடும்.

இங்கே ஒரு சொற்பொருள் சிக்கல் உண்டு. இருபது அங்குலம் என்று எழுதப்பட்ட இரு டயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. 20 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியது 451 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு உரியது. 20 × 1.75 என்று தசமத்தில் எழுதியது 406 மில்லிமீட்டருக்கு உரியது. ஒரே எழுத்து, இரு பொருள். சிறுவர் சாகச வண்டிகள் 406ஐப் பயன்படுத்துவதால் அவ்வளவில் டயர்கள் எங்கும் கிடைக்கின்றன. 451இல் தெரிவு குறைவு. எனவே சிலர் 406க்கு மாறுகிறார்கள். மாறினால் ரிம்மின் விளிம்பு 22.5 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பிரேக்கின் கைகள் எட்டாது. நீண்ட கையுள்ள பிரேக் தேட வேண்டும். ஒரு சீரை மாற்றினால் அடுத்த சீரோடு தளை தட்டுவதை இவர்களும் அறிவார்கள்.

குடத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. என்னும் மூன்று கியர்க் குடம் 1936இல் வந்தது. நடுக்கியர் நேரானது, கீழ்க்கியர் கால் பங்கு குறைக்கும், மேற்கியர் மூன்றில் ஒரு பங்கு கூட்டும். உள்ளே ஒரு சூரியப் பற்சக்கரமும் அதைச் சுற்றும் கோள் பற்சக்கரங்களும். எண்ணெய் விட ஒரு சிறு மூடி. அதில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் உரியவரைக் கடந்தும் ஓடும். அதன் உடலில் செய்த ஆண்டும், பெரும்பாலும் மாதமும், எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். என்னிடம் உள்ளது 1974 ஆகஸ்டில் செய்தது. அதற்கு ஒரு குறையும் உண்டு. கம்பி சரியாக இழுபடாவிட்டால், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எந்தப் பல்லும் பிடிக்காத ஒரு வெறுமை வரும். எழுந்து நின்று மிதிப்பவன் கால் சட்டென்று காற்றில் இறங்கும். 2000இல் அந்நிறுவனம் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போனபின் செய்த குடங்களில் இக்குறை நீக்கப்பட்டது. அங்கேயே எட்டுக் கியர்க் குடம் ஒன்றும் வந்தது. அதன் முதற்கியரே நேரானது, மற்றவையெல்லாம் அதற்கு மேல். சிறு சக்கரத்துக்கு இது பொருந்துவதன் காரணம் எளிது. நம் ஊர்ப் பெரிய சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லும். டுவென்ட்டியின் சக்கரம் 1.6 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு முன்னது சுமார் 450 சுற்று, பின்னது 600க்கும் மேல். அந்த இடைவெளியைக் கியர்தான் ஈடுகட்ட வேண்டும். எட்டுக் கியர் பூட்டியவர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மலையில்லாத ஊரில் வாழ்பவருக்குப் பழைய மூன்றே போதும் என்பேன்.

அடுத்து நான் சொல்லப் போவதில்தான் சண்டை வருகிறது.

டுவென்ட்டியின் ஹேண்டில் பார் திரும்பும் இடத்தில் கீழே வழக்கமான பால்ரஸ் இருக்கிறது. மேலே பால்ரஸ் இல்லை. ஒரு நைலான் வளையம் மட்டுமே. செலவைக் குறைக்கச் செய்த மலிவான ஏற்பாடு என்று கண்டவுடன் தோன்றும். திருத்துவோர் முதலில் கைவைப்பது அங்கேதான்: நைலானைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல பால்ரஸ் பூட்டுவார்கள். பூட்டியபின் சிலருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். சிறு சக்கரத்தின் திருப்பம் இயல்பிலேயே துடிப்பானது. நைலானின் உராய்வு அந்தத் துடிப்பைச் சற்றே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. அது போனதும் வண்டி கையில் நிலைகொள்ளாமல் அலைகிறது. மலிவு என்று கருதியது ஒரு பணியையும் செய்துகொண்டிருந்தது. அசைநிலை என்று உரையாசிரியர்கள் ஒதுக்கிய இடைச்சொற்களை நினைத்துக்கொண்டேன். பொருளில்லை என்று சொல்லி ஒரு 'மன்'னையோ 'கொல்'லையோ எடுத்துவிட்டுப் பாடலைப் படித்துப் பாருங்கள். பொருள் நிற்கும், பாடல் நிற்காது. பால்ரஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. கழற்றுமுன் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும், அவ்வளவே.

இதைவிடக் கடுமையானது பெடல் அச்சு சுழலும் குழாய். மற்ற வண்டிகளில் அதன் அகலம் 68 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. டுவென்ட்டியில் 76 மில்லிமீட்டர், 26 மரை. ராலி தனக்கென வைத்துக்கொண்ட அளவு. கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் அதைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது கீழே இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டில்லாமல் தட்டினால் அடி முழுதும் பால்ரஸில் இறங்கிக் குழி விழுந்துவிடும். இந்தப் பழைய அமைப்பு தேய்ந்தால் மாற்றுப் பாகம் அரிது. புதிய கிராங்கு பூட்ட விரும்புவோர் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தக் குழாயின் இருபுறமும் சேர்த்து எட்டு மில்லிமீட்டரை அரத்தால் ராவி 68 ஆக்குகிறார்கள். அல்லது 26 மரையின்மேல் 24 மரையை வெட்டுகிறார்கள். அதன்பின் உலகத்துப் பாகங்கள் எல்லாம் பொருந்தும். ராவிய எஃகு மட்டும் திரும்பி வராது.

இங்கேதான் இரு கட்சி. ஒரு வண்டியை அது பிறந்தபடியே காக்க வேண்டும், வண்ணத்தையும் ஒட்டுப்படத்தையும்கூடத் தொடலாகாது என்பது ஒரு கட்சி. ஓடாத வண்டி வண்டியே அன்று, ஓட வைப்பதற்கு எதையும் வெட்டலாம் என்பது மற்றொன்று. முதற்கட்சியின் பேச்சில் சில வேளைகளில் பழைய பொருளின் விலை உயரும் கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டாம் கட்சியின் பேச்சில், தம் கைத்திறனைக் காட்ட ஒரு பலகை கிடைத்த மகிழ்ச்சி ஒளிந்திருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், திருப்பி எடுக்கக்கூடிய மாற்றம் எதுவானாலும் உரியவரின் உரிமை என்பேன். சக்கரம் மாற்றலாம், இருக்கை மாற்றலாம், பிரேக்கை மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய பாகங்களைப் பையில் கட்டிப் பெயரெழுதி வைப்பது மட்டும் கடமை. நல்ல பதிப்பாசிரியர் தாம் ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் தந்துவிடுகிறார் அல்லவா? வெட்டும் மாற்றத்துக்கு வண்டியைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். இலட்சக்கணக்கில் செய்த டுவென்ட்டியில் துருப்பிடித்த ஒன்றை வெட்டினால் உலகம் நட்டமடையாது. 1962, 63இல் செய்த மோல்டன் ஒன்றில் அரத்தை வைப்பவருக்கு என் கை உதவாது.

திருத்துவது பொழுதுபோக்காக இருக்கும்போதுதான் இவ்வளவு நுட்பமாக வழக்காட முடிகிறது என்பதையும் மறக்கவில்லை. ராலியை யாழ்ப்பாணத்தில் றலி என்பார்கள். அது வீட்டின் சொத்தாக மதிக்கப்பட்ட வண்டி. 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில் விறகும் நோயாளியும் குடும்பமும் மிதிவண்டியில்தான் போயின. மின்சாரம் இல்லாத வீட்டில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த மாற்றங்களை எந்தக் கட்சியும் விவாதிக்கவில்லை. இம்மண்டபத்தில் அப்படி மிதித்துச் செய்தி கேட்டவர்கள் இருக்கிறீர்கள். அதை எழுதியவர்கள் போதாது என்று வட்டத்தின் கவிஞர்களிடம் ஒரு குறையாகவே சொல்லி வைக்கிறேன்.

டயரைப் பற்றி ஒரு செய்தி மீதமிருக்கிறது. பழைய மோல்டனின் பதினாறு அங்குல ரிம் 349 மில்லிமீட்டர். அவ்வண்டியின் உற்பத்தி நின்றபின் அந்த டயரும் மறைந்திருக்க வேண்டியது. ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் 1975இல் தம் வீட்டில் உருவாக்கத் தொடங்கிய பிராம்ப்டன் மடக்கு வண்டி அதே அளவை எடுத்துக்கொண்டது. இன்று இலண்டன் இரயில்களில் நீங்கள் காணும் அந்த வண்டிகளுக்காக நல்ல டயர்கள் தொடர்ந்து செய்யப்படுகின்றன. அவற்றை வாங்கித்தான் அறுபது ஆண்டுப் பழைய மோல்டன்களை இன்னும் ஓட்டுகிறார்கள். 451க்கு அப்படி ஒரு பேறு வாய்க்கவில்லை.

என்னிடம் இரண்டு டுவென்ட்டிகள் இருக்கின்றன. ஒன்றைத் திருத்தி ஓட்டுகிறேன். அலுமினிய ரிம், புதிய பிரேக், பழைய குடம், பழைய நைலான். மற்றொன்றின் பெடல் அச்சு தேய்ந்துவிட்டது. 76 மில்லிமீட்டர் குழாய்க்கு உரிய அச்சு கடையில் இல்லை. எட்டு மில்லிமீட்டரை ராவிவிட்டால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். மேசையில் அரம் இருக்கிறது. ஆறு மாதமாக வண்டி தலைகீழாகவே நிற்கிறது. நாட்டிங்ஹாமில் ஒரு முதியவர், பழைய ராலி பாகங்களைத் தகர டப்பாக்களில் வகைப்படுத்தி வைத்திருப்பவர், தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மார்கழி பிறப்பதற்குள் அவரிடமிருந்து கடிதம் வர வேண்டும்.